அப்பாவின் பெயருக்கு உன் கையெழுத்து

வெள்ளவத்தை.

அன்புள்ள மகள் உஷாந்திக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு அம்மனை வேண்டுகிறேன். நீ போனை எடுப்பதில்லை. ரொறன்ரோப் பெரியம்மாவிடம் முகவரி வாங்கி எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் முழுவதும் வாசி.

நீ படித்த பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் பெயர் வைக்கப் போகிறார்கள். புதுக் கட்டடம் முழுக்க அவர் கட்டிக் கொடுத்ததுதானே. பெயர்ப்பலகைகூட வந்துவிட்டது. அப்பா பின்னேரம் தோறும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

அதற்குள் உன் புஷ்பராணி ரீச்சர் குறுக்கே நிற்கிறா. இப்போது அவதான் அதிபர். அவ ஒப்பமிடாமல் ஒன்றும் நடக்காதாம். போன கிழமை வீட்டுக்கு வந்து அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னா: "ஏ.எல். சோதினை எழுத இருந்த பிள்ளையை மறிச்சுக் கலியாணம் கட்டிக் குடுத்தனீங்கள். உங்கட பேரை வைக்கலாமெண்டு உஷாந்தி தன்ர கையால எழுதித் தரட்டும். பிறகு ஒப்பம் வைக்கிறன்." அப்பா அவவுக்குத் தேத்தண்ணி கொடுக்கவும் விடவில்லை.

இதில் என்ன பிழை, நீயே சொல்லு. பத்தொன்பதுக்குள் முடிக்காவிட்டால் முப்பது தாண்டும் என்று சாத்திரியார் சொன்னார். கனடா மாப்பிள்ளை, ஒன்பது பொருத்தம். எந்தத் தகப்பன் விடுவார்? அவன் உன்மேல் கை நீட்டுவான் என்று சாதகத்திலா இருந்தது? நீயும் கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம். அவனை விட்டுப் பிரிந்து எங்களைத் தலைகுனிய வைத்தாய்.

ஆகவே இதை அப்படியே உன் கையால் எழுதி அனுப்பு: 'என்னைப் படிப்பித்து ஆளாக்கியவர் என் அப்பா. அவர் பெயரை வைப்பது எனக்குப் பெருமை.' எழுதினால் உன் கை தேய்ந்துவிடாது.

விழாவுக்கு நீ வரத் தேவையில்லை. குத்துவிளக்கைச் சுமங்கலிகள்தான் ஏற்ற வேண்டும். தம்பி சுகிர்தனின் மனைவி ஏற்றுவாள். விழா மலரில் குடும்பப் படம் வருகிறது. உன்னை வெட்டிவிட்டுப் போடச் சொல்லி அப்பா கொடுத்திருக்கிறார். நீ எழுதி அனுப்பினால், வெட்ட வேண்டாம் என்று நான் கேட்டுப் பார்க்கிறேன்.

உன் மகள் யூனிவர்சிற்றிக்குப் போகிறாளாம், பெரியம்மா சொன்னா. சமைத்துக்கொண்டிருந்த நான் குசினிக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை. பேத்திக்குக் கலியாண வயது வந்துவிட்டது என்று இப்போதே இரண்டு இடத்தில் சம்பந்தம் கதைத்து வைத்திருக்கிறார், சாதகம் ஒன்றுதான் குறையாம்.

பிள்ளை நன்றாகப் படிக்கட்டும், அம்மன் காப்பா. அவள் பிறந்த நேரத்தை யார் கேட்டாலும் சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே.

இப்படிக்கு,
அம்மா