காப்பு கட்டிய வாரம் நின்றுபோன மாத்திரை

புதூர்நாடு,
18-5-1984

அன்பு மகன் கோபாலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஜபல்பூரில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் தங்கை பூங்கோதைக்கு அந்த மாத்திரை வேலை செய்தது, கெடுத்தது நாம்தான். இது என் ஊகம் இல்லை, நேற்று வேலூர் டாக்டரே என்னிடம் நேரில் சொன்னார். சின்ன வயதில் மூளைக் காய்ச்சல் வந்ததிலிருந்து அவளுக்கு வரும் வெறி உனக்குத் தெரியும், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள், கடிப்பாள், அடங்கியதும் தானே அழுவாள். மாசியில் தொடங்கிய இந்த மாத்திரை நெஞ்சுப் படபடப்புக்குக் கொடுப்பதாம். மூளை பாதித்த பிள்ளைகளின் மூர்க்கத்துக்கும் இப்போது கொடுத்துப் பார்க்கிறார்களாம். திருப்பத்தூர் மருந்துக் கடைக்காரர், "பெரியவங்க சாப்புட்றதுங்க இது, பொண்ணுக்கு யாரு எழுதனது" என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு வேளையும் நாடி பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். பங்குனி முழுவதும் ஒரே ஒரு தடவைதான் கை ஓங்கினாள், அதுவும் ஆட்டின் மேல்.

சித்திரைத் திருவிழாவுக்குக் காப்பு கட்டியபோது நான் புளி மூட்டையோடு திருப்பத்தூரில் இருந்தேன். காப்பு கட்டின வீட்டில் டவுன் மருந்து ஆகாது என்று உன் அம்மா மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டாள். இரண்டொரு நாளில் பூங்கோதை களி கிளறும் துடுப்பாலேயே அம்மாவின் புருவத்தைப் பிளந்துவிட்டாள். ஜீப்பில் ஏற்றலாம் என்றவர்களிடம் ஊர்க்கவுண்டர் சடையன், "காப்பு அவுக்கற வரிக்கும் எல்ல தாண்டக் கூடாது, அவள பலா மரத்துல கட்டுங்க, தானா அடங்கிடுவா" என்றாராம். கட்டினார்கள். நான் வந்து அவிழ்த்தபோது, "நானாப்பா அம்மாவ அடிச்சேன், நெஜமாவா" என்று கேட்டாள்.

டாக்டர், "ஒரேடியா நிறுத்தக் கூடாதுன்னு அத்தினி வாட்டி சொன்னனே, இன்னா பெரியவரே இது" என்று கத்தினார். அம்மாவோ புருவத்தில் ஆறாத புண்ணோடு உட்கார்ந்துகொண்டு, "மாத்திர குடுத்திருந்தா சாமி இன்னும் கோவிச்சிருக்கும்" என்கிறாள். நீயும் உன் பங்குக்கு, மனநோய் ஆஸ்பத்திரியில் விட்டுவிடுங்கள், நிம்மதி என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு நிம்மதி?

குறைந்த அளவில் மறுபடி தொடங்கியிருக்கிறோம். ஆனி முதல் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா, ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா என்று அன்றைக்குத்தான் முடிவு சொல்வார். அதற்கு முந்தின வாரம் மேல்கோயிலுக்கு மறுபடி காப்பு கட்டுகிறார்கள். என் பேச்சு இங்கே எடுபடவில்லை, உன் பேச்சை அம்மா தட்டமாட்டாள். மாத்திரையை நிறுத்தாதே என்று அவள் பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நான் படித்தால் என் சொந்தச் சரக்கு என்பாள், தபால்காரரையே படிக்கச் சொல்கிறேன்.

வெயிலில் தலையை மூடிக்கொள். இருவரும் நீடூழி வாழ்க. காப்பு கட்டுவதற்குள் உன் கடிதம் மலையேறி வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா தீர்த்தகிரி