பென்சிலில் எழுதிய அர்த்தங்கள்

மேற்குத் தாம்பரம்
18 ஜனவரி

அன்பு மகள் நிகத்துக்கு, அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் இங்கே சுகம், என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்ன் வெயிலில் வாடாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் இருக்கும்போது தாள் எதற்கு என்று கேட்பாய். உன் பெயரில் ஒரு புகார் இருக்கிறது. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து மழுப்பிவிடுவாய், தாளில் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். அதோடு பரீட்சையில் கடிதம் எழுதும் கேள்வி உண்டு, கை பழகட்டும் என்றுதான்.

ஏப்ரலில் நான் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப்போவது உனக்குத் தெரியும். ஏன் என்று மட்டும் நான் சொன்னதில்லை. போன வருடம் உன்னிடம் வருவதற்கு விசா ஃபாரம் நிரப்பினோமே, அதில் படிப்பு என்ற இடத்தில் ஒன்பதாவது என்று எழுதிவிட்டு உன் அத்தா என் முகத்தைப் பார்க்காமலே அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், சாவதற்குள் அந்த இடத்தில் பத்து என்று எழுதியே தீர்வது என்று. முடிச்சூர் ரோட்டில் மெடிக்கல் கடை மாடியில் சாயங்கால வகுப்பு. பதினோரு பேர், ஐம்பத்து மூன்று வயதில் நான்தான் வகுப்புக்கு மூத்தவள். பக்கத்தில் உட்காருவது ரேஷ்மா, படப்பைப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் பெண், வாய் மட்டும் ஏழூருக்குக் கேட்கும். கணக்கு எப்படியோ ஓடிவிடுகிறது, தமிழ்தான் முழி பிதுங்க வைக்கிறது.

தமிழ் நடத்தும் ஏகநாதன் சார், பழைய கதை படித்தால்தான் சொல் சேரும் என்று எண்பது வருடத்துக்கு முந்தைய கதை ஒன்றைக் கொடுத்தார். ஒரு தகப்பன் மகளைக் கட்டிக்கொடுத்து ரயிலேற்றி அனுப்புகிற கதை. வரிக்கு ஒரு தெரியாத சொல். அகராதியைத் தொடக்கூடாது, கதையைப் படித்தே பத்துச் சொல்லுக்குப் பொருள் கண்டுபிடித்து வாருங்கள், வெள்ளிக்கிழமை டெஸ்ட் என்றார். அப்போதுதான் நீ பள்ளிக்கூடத்தில் இதே கதையைப் படித்தது நினைவுக்கு வந்தது. லாஃப்டில் இருந்த பெட்டியை இறக்கினால் உன் துணைப்பாடப் புத்தகம், ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பென்சிலில் உன் குண்டு எழுத்து. தமிழில் தொண்ணூற்றாறு வாங்கிய பெண்ணின் கையெழுத்து இருக்கும்போது கதையை எதற்குப் படிக்க வேண்டும்? நீ எழுதியதை அப்படியே மனப்பாடம் செய்தேன். அது என் குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நீ எழுதிவைத்தது உனக்கு மறந்திருக்கும். விசனம் என்றால் விசிறி. சம்பாஷணை என்றால் பலகாரம். சாளரம் என்றால் மாடு. அடிப்பாவி, வாய்க்கு வந்ததை எல்லாம் எழுதிவைத்திருக்கிறாயே! டெஸ்ட் அன்றைக்கு, பரிதா ஆண்ட்டியின் பெண் வெளிநாட்டில் இன்ஜினியர், ஆண்ட்டி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று வகுப்பே என்னைப் பார்த்து எழுதியது. பெருமையில் நானும் தாளை நன்றாகத் திருப்பிக் காட்டினேன். பதினோரு தாளிலும் பதினோரு மாடு. ஏகநாதன் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உங்க எல்லார் வீட்டுச் சாளரமும் எத்தனை லிட்டர் கறக்குது என்று கேட்டார். படியிறங்கும்போது ரேஷ்மா, இன்னா ஆண்ட்டி, ஒங்கள நம்பிக்கினு எழுதனா மாட்ட வுட்டு முட்ட வச்சிட்டீங்களே என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. இந்த வயதில் எனக்கு இது தேவையா, விட்டுவிடுகிறேன் என்று உன் அத்தாவிடம் சொன்னேன். அவர்கள் போ என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே, சரி பரிதா, கதைல அந்தப் பொண்ணு கடைசில என்னதான் ஆனா என்று கேட்டார்கள். கதையை நான் படிக்கவே இல்லையே!

அந்த வீம்பில்தான் உட்கார்ந்து படித்தேன். உன் அர்த்தங்களை வைத்துக்கொண்டே ஆரம்பித்தேன். தகப்பன் விசனத்தோடு உட்கார்ந்திருந்தான், சரி, கையில் விசிறி. மாப்பிள்ளை வீட்டார் வெகுநேரம் சம்பாஷணையில் இருந்தார்கள், கல்யாண வீடுதானே, தின்னட்டும். அவள் சாளரத்தில் சாய்ந்து அழுதாள், வளர்த்த மாட்டைப் பிரிவது கஷ்டம்தான் என்று எனக்கும் கண் கலங்கியது. அடுத்த பக்கத்தில், அவள் சாளரத்தைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள் என்று இருந்தது. அங்கேதான் நின்றேன். மாட்டை எப்படிச் சாத்துவது? திரும்ப முதலிலிருந்து படித்தால், அதன் வழியாகத்தான் காற்று வருகிறது, அதன் வழியாகத்தான் தெரு தெரிகிறது. ஜன்னல்! மாடு போனதும் விசிறியும் போய்விட்டது. வெளியே மழை கொட்டுகிறது, மகள் விடிந்தால் ஊருக்குப் போகிறாள், அவனுக்கு எதற்கு விசிறி? வருத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறான். பேசிப் பேசி வாய் வலித்துப் போனதாக எழுதியிருந்ததில் பலகாரமும் போனது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகக் கண்டுபிடித்தது நிகத், அந்தச் சந்தோஷத்தில் தனியாகக் கை தட்டினேன். மறுநாள் வகுப்புக்குப் போனேன். சார் திரும்ப டெஸ்ட் வைத்தார், பத்துக்கு ஒன்பது. ரேஷ்மாவுக்கு என் தாளைக் காட்டவில்லை.

உன் மாட்டையும் விசிறியையும் அடித்துவிட்டுப் பேனாவால் சரியான பொருளை எழுதினேன். உன் அத்தா எட்டிப் பார்த்தார்கள். முப்பது வருடமாகச் சப் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் இல்லையா, அடிச்சா பக்கத்துல கையெழுத்துப் போடணும், இல்லன்னா ரிஜிஸ்தர் ஆவாது என்றார்கள். அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனேன்.

கடைசிப் பக்கம் வந்தது. ரயில் கிளம்பும்போது அந்தத் தகப்பன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, வாஞ்சையோடு மகளின் தலையைத் தடவுகிறான். வாஞ்சைக்குப் பக்கத்தில் நீ பொருள் எழுதவில்லை. அம்மாகிட்ட கேக்கணும் என்று எழுதி, அதை அடித்துவிட்டு, அதன் கீழே அம்மாவுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். பதினைந்து வயதில் எழுதியது, உன்மேல் கோபம் இல்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன், அதுவும் உண்மை. ஆனாலும் வலித்தது. ஒரு தரம் கேட்டிருக்கலாம் நீ. பேனாவை மூடினேன், திரும்பத் திறந்தேன். அப்புறம் தெரியாது என்பதை அடித்தேன். மேலே தெரியும் என்று எழுதினேன். பக்கத்தில் முழுப் பெயரோடு கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன், இனி நீ மாற்ற முடியாது.

அல்லாஹ் உங்கள் இரண்டு பேருக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். ஏப்ரலில் என் பரீட்சை நாட்களில் மறக்காமல் துஆ செய். உன் அத்தாவோடு தினமும் நல்ல சம்பாஷணை நடக்கிறது, எனக்கு ஒரு விசனமும் இல்லை. அங்கே குளிர்காலம் வந்தால் சாளரத்தைச் சாத்திவிட்டுத் தூங்கு. எந்தச் சொல்லுக்காவது பொருள் தெரியாவிட்டால் என்னைக் கேள்.

வாஞ்சையுடன்,
உன் அம்மா
பரிதா