கலங்கல் தண்ணி

என்னங்க,

நானும் பாப்பாவும் நல்லா இருக்கோம். அதை முதல்ல மனசுல வாங்கிக்கிட்டு மேலே படிங்க. போன் வேலை செய்யலை, லாரி டிரைவர் அண்ணன்கிட்ட கொடுத்து அனுப்பறேன்.

காலையில வழக்கம்போல டூட்டியில சுரங்கக் கழிவைத் தேக்கி வைக்கிற குளத்துக் கரையைப் பார்க்கப் போனேன். அடியில கசியற தண்ணி எப்பவும் தெளிவா இருக்கும். இன்னைக்குச் சேறும் கலங்கலுமா வந்துச்சு. கரையை உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு மேனேஜர்கிட்ட ஓடினேன்.

"சும்மா ஊரைக் கூட்டாதேம்மா. மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்றேன்"னார்.

நான் காத்திருக்கலை. சைரனை அழுத்திட்டேன்.

தெரு மொத்தமும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிடுச்சு. உங்க அப்பாதான் பாப்பாவைத் தூக்கிட்டு வந்து என் கையில கொடுத்தார். "ஆட்டை அவுத்து விட்டுட்டு வந்துடறேம்மா, வாயில்லா ஜீவன்"னு திரும்பி இறங்கினார். கையைப் பிடிச்சேன், உதறிட்டார். உங்க பிடிவாதம் யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். கொஞ்ச நேரத்துல கரை உடைஞ்சுது.

எல்லாரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடறாங்க. எனக்குத் தாங்கலை.

சேத்துல இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க. என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்னு கேட்டாங்க, சொன்னேன்.

உடனே கிளம்புங்க. நேரா பள்ளிக்கூடத்துக்கே வாங்க. தாத்தா எங்கேன்னு பாப்பா கேட்கிறா. பதில் சொல்ல நீங்க பக்கத்துல வேணும்.

உங்க
பாப்பாவோட அம்மா