ரம்பத்துக்கு விடுதலை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், சாலையோரப் புளியமரத்தை அறுத்துச் சாய்த்த பெருங்குற்றத்துக்காகக் காவல் நிலைய அலமாரியில் அடைந்து கிடந்த, முழங்கை நீளமே உள்ள ரம்பம் ஒன்று இன்று காலை விடுதலையானது. வரவேற்க ஒரே ஒருவன் போயிருந்தான். மாலை, மேளம் ஏதும் இல்லை. சட்டத்தில் துரு ஏறியிருந்தது.

நீ போய்ச் சேர்ந்த பிறகுதான் அதற்கு வழி பிறந்திருக்கிறது. நீ இருக்கும்போதே அது வந்திருக்க வேண்டும்; வரிசையை மாற்றிவிட்டார்கள்.

பிடியை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். வாகைத்தூள் வாசம் இன்னும் போகவில்லை. உடனே அழுகை வந்தது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். கோபம்தான் வந்தது.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள். இந்த ஊரில் ஒருவருக்கும் இது புரியாததால்தான் இவ்வளவும் நடந்தது. அந்த ரம்பத்தில் பல் உள்ள இழை நூல் கனம்தான். வளைந்த இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கும். பலகையின் நடுவே பூவேலை செய்யவேண்டும் என்றால் அது தானாக உள்ளே நுழையாது. கழிவாகப் போகிற இடத்தில் முதலில் துரப்பணத்தால் சின்னதாக ஒரு துளை போட வேண்டும். இழையின் ஒரு முனையைக் கழற்றித் துளைக்குள் விட்டு, மறுபடி சட்டத்தில் மாட்டி முறுக்கினால்தான் வேலையே தொடங்கும்.

துளை போடுவது நான். அறுப்பது நீ.

"நான் கதவத் தொறக்கலன்னா நீ வாசல்லயே நிக்க வேண்டியதுதான்" என்பேன்.

"தொறக்கறது நீ, சரி. உள்ள போயி சோறு ஆக்கறது யாருடா?" என்பாய்.

என் துளைகளைப் பற்றி நான் இன்றைக்கும் அடக்கமாகப் பேசுவதில்லை. அடியில் வேண்டாத கட்டை ஒன்றைக் கொடுத்துத்தான் துரப்பணத்தைச் சுழற்றும் வில்லை இழுப்பேன். பின்பக்கம் சிம்பு பெயராது. வளைவு திரும்புகிற மூலையில் துளை கச்சிதமாக விழும், கோட்டைத் தொடாது. மலைக்கோட்டை இருக்கிற தியாகதுருகத்துக்காரன் கோட்டை விடுவானா என்று பட்டறை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அந்தத் தியாகதுருகத்துக்குத்தான், நீ பிடிபட்ட அன்று, பூஜை அலமாரிக் கதவைப் பொருத்திக் கொடுக்கப் போயிருந்தோம். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வாரம். சாலையெங்கும் வெட்டிப் போட்ட மரங்கள் குறுக்கே கிடந்தன, பஸ் இல்லை. கள்ளக்குறிச்சிக்கு நடந்தே திரும்பினோம். கேட்டது நியாயமா, கேட்ட விதம் நியாயமா என்பதைப் பெரியவர்கள் டீக்கடையில் பேசட்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம், அன்று உனக்கு ஒதுக்கிய இடம் ஸ்டேஷன் தரை என்பதுதான்.

வழியில் மடக்கிய ஏட்டு உன் துணிப்பையைக் கவிழ்த்தார்.

"இன்னாடா இது?"

"ரம்பங்க."

"எந்த ஊரு?"

"மலைங்க. கல்வராயன் மலை."

"மலைக்காரனா. மரம் வெட்டறது உனுக்குக் கைவந்த வேலையாச்சே."

பக்கத்தில் கிடந்த புளியமரத்தை இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதையும் பார்த்தார், உன் ரம்பத்தையும் பார்த்தார். பார்த்துவிட்டு உன்னைத்தான் வண்டியில் ஏற்றினார். என் கையில் ஒன்றும் இல்லாததால் என்னை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வந்து, ஏட்டின் மேசை முன்னால் நின்று வாதாடினேன்.

"ஏட்டையா, இது தானா மரத்துக்குள்ள பூராதுங்க. மொதல்ல ஓட்ட போட்டுத்தான் உள்ள வுடணும். அந்தப் புளியமரத்துல ஓட்ட கீதான்னு ஆள வுட்டுப் பாருங்க."

"ஓட்ட போடறது யாரு?"

"நான்தாங்க" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப நீயும் குந்து."

குந்தினேன். நீ முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாய். அழுகிறாய் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாய்.

சாயங்காலம் ஏட்டுக்கே சந்தேகம் வந்து, மேசைக்காலில் ரம்பத்தை வைத்து ஒரு இழு இழுத்தார். இழை பட்டென்று அறுந்தது. அறுந்த முனையைத் தொட்டுப் பார்த்தார். "போங்கடா" என்றார்.

"ரம்பங்க?" என்று கேட்டாய்.

"அது இருக்கட்டும். சாட்சி."

யாருக்கு எதிரான சாட்சி? அதை அவரும் சொல்லவில்லை, அவருக்கு அப்புறம் வந்தவரும் சொல்லவில்லை.

மறுநாள் பட்டறைக்காரர் மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டே உன்னிடம் சொன்னார்: "கேசுல மாட்ன பையன் இங்க வாணாம்பா. ஆர்டர் குடுக்கறவங்க பயப்படறாங்க."

"நானுந்தான குந்தியிருந்தேன்?" என்றேன்.

"தியாகதுருகம் உள்ளூரு மாதிரிப்பா."

ஒரே தரை, ஒரே சாயங்காலம். எழுந்திருக்கும்போது நான் உள்ளூர் ஆகிவிட்டேன், நீ கேஸ் ஆகிவிட்டாய். அவருடைய பொடி டப்பாவில் ஈட்டி மரத்தூளைக் கலந்து வைத்தேன். அன்று முழுக்கத் தும்மினார். எனக்குப் போதவில்லை.

நீ மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வேலைக்குப் போனாய். "ரம்பம் வந்தா சொல்லி அனுப்புடா, வந்துடறேன்" என்றாய். லோடு டிராக்டர் வாய்க்கால் ஓரமாகச் சரிந்தபோது நீ கரும்பின் உச்சியில் உட்கார்ந்திருந்தாயாம். உன் சாவுச் செய்தி வந்த அன்று டீக்கடையில் கேட்டார்கள்: "யாரு, அந்த மரம் வெட்ன கேசு பையனா?" பூ அறுத்த கைக்கு அவர்கள் வைத்த பெயர் அது. நூல் கனத்து ரம்பம் புளியமரத்தை அறுக்குமா என்று ஒருத்தர் கேட்கவில்லை. நான் கேட்டேன். "போடா, உனுக்கு எல்லாம் விளையாட்டு" என்றார்கள்.

அதனால்தான் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தேன். உன் அம்மாவுக்கென்று நீ தொடங்கிய கண்ணாடிச் சட்டம் என்னிடம் இருக்கிறதே; சுற்றிலும் காந்தள் பூ வரைந்து, துளை போட்டு, அறுக்காமலே நின்றுபோன பலகை. அதை உன் ரம்பத்தாலேயே முடித்து, சந்தை நாளில் பட்டறைக்காரர், டீக்கடைக்காரர் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி தூக்கிக்கொண்டு போவதாகத் திட்டம்.

சாமை மூட்டையோடு சந்தைக்கு இறங்கி வந்திருந்த உன் அம்மாவிடம் போன வாரமே சொல்லிவிட்டேன். "அடுத்த சந்தைக்குள்ள முடிச்சிடுவேம்மா. ஓட்ட போடறவனுக்கு அறுக்கறது இன்னா பெரிய வேலையா?"

"அவனும் சொல்லிக்கினே இருப்பான்பா, நீ நல்லா பேசுவன்னு" என்றார்.

இன்று உட்கார்ந்தேன். முதல் இழை அறுந்தது. அடுத்ததும் அறுந்தது. அதற்கடுத்தது தாங்கியது. இதழ்கள் கொஞ்சம் கோணல்தான், காற்றடித்த காந்தள் என்று சமாளித்துக்கொள்ளலாம். கடைசி இடைவெளிக்கு வந்து பார்த்தால் அங்கே துளையே இல்லை. துரப்பணத்தை எடுத்தேன். ஊசியை அங்கே வைத்தேன், இங்கே வைத்தேன், எடுத்துவிட்டேன்.

சரி, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். துளை எங்கே விழ வேண்டும் என்று ஒவ்வொரு பலகையிலும் முன்னாலேயே பென்சிலால் புள்ளி வைத்தது நீ. அந்தப் புள்ளியின் மேல் ஊசியை வைத்துச் சுற்றினதுதான் நான். இந்த இடைவெளியில் மட்டும் நீ புள்ளி வைக்கவில்லை. ஏட்டின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி "நான்தாங்க" என்றேனே, நீ எதற்கு அப்படிச் சிரித்தாய் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

உன் துண்டுப் பென்சில் என் காதில் செருகியிருக்கிறது. நாளைக்குச் சந்தை. இந்தப் புள்ளியை எங்கேடா வைக்க?