வேனுக்குள் காய்ந்த நகங்கள்

காஸ் புத்தகத்தைத் தேடி இழுப்பறையைக் கிளறினால், நகத்தில் கோடு வரைகிற உன் கறுப்பு ஜெல் லைனர் கையில் சிக்கியது. மூடியைத் திருகினேன், அசையவில்லை. என்றோ சரியாக மூடாமல் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். வெயில் பட்டு உள்ளேயே கல்லாகிவிட்டது. மயிரிழை மாதிரி இருந்த அந்தத் தூரிகை இனி வெளியே வராது. "இன்னாடி, வடகமா காய வெக்கிற?" என்று நீ திட்டுவது காதில் விழுந்தது. நீ போய் வருஷம் ஆகப்போகிறது, திட்டு மட்டும் சூடு ஆறவில்லை.

வாணியம்பாடியிலிருந்து மாற்றலாகி மலைமேல் ஜமுனாமரத்தூர் வந்தவள், ஆபீசில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாய். தெருவிலும் பக்கத்து வீட்டுக்கே குடிவந்தாய். முதல் வாரமே என் ரகசியத்தைப் பிடித்துவிட்டாய். நாற்பத்தேழு வயதில், கண்ணாடி போட்ட ஒரு கிளார்க், யாரும் பார்க்காதபோது நகம் கடிப்பாள்; பார்க்கும்போது விரல்களைத் தலைப்புக்குள் ஒளிப்பாள். என் கல்யாண ஆல்பத்தில்கூட என் கை முழுசாகத் தெரியாது. "அரே, காலைல நாஷ்டா பத்தலையா?" என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமையே நகத்தில் வரைகிற சாமான் டப்பாவோடு வந்து நின்றாய்.

செல்போன் வீடியோ பார்த்துக் கற்ற கை அது. நம்பவே முடியாது. மிச்சமிருந்த என் கடலைப்பருப்பு நகத்தில் ஒரு கொடி, மூன்று இலை, ஒரு பூ வரைவாய். "மூச்ச வுட்டுட்டு கோடு போடணும், இழுக்கச்சொல்ல போட்டா கை ஆடும்" என்பாய். ஜெல் தானாகக் காயாது. நீல வெளிச்சம் வருகிற சின்ன விளக்குக்குள் விரலை ஒரு நிமிஷம் வைத்தால்தான் இறுகும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் ஆபீஸ் முழுவதன் குடும்ப விவகாரங்களையும் பேசி முடித்துவிடுவோம்.

உன் நகத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. தொழுகைக்கு முன் கை கழுவும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும் என்பாய். ஆசை இல்லையா என்று வாய் துடுக்காகக் கேட்டேன். "போட்டுக்கிறவளுக்கு பத்து நகம்தான். போட்டு வுடுறவளுக்கு மலை ஃபுல்லா நகம்டி" என்றாய்.

என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வருவோம். பையன் வீடு அமிர்திப் பக்கம். பையனின் அம்மா, முன்பு பார்த்த ஒரு பெண்ணின் தாய் சத்தமாகச் சிரித்தாள் என்பதற்காக ஒரு சம்பந்தத்தையே விட்டவர் என்று தரகர் சொல்லி வைத்திருந்தார். நான் சிரிப்பதை ஒரு மணி நேரம் அடக்கிவிடுவேன். தட்டு மாற்றும்போது கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? கடித்துத் துப்பிய விரலைப் பார்த்தால் இந்தச் சம்பந்தமும் போய்விடுமோ என்று அன்று காலையிலேயே மிச்சத்தையும் கடித்திருந்தேன்.

நீ உட்கார வைத்து வரைந்தாய். ஒவ்வொரு விரலாக விளக்கில் வைக்க வேண்டியதை, நேரமில்லை, பத்தையும் வரைந்துவிட்டுச் சேர்த்து வைக்கலாம் என்றாய். உன் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே தப்புக் கணக்கு அதுதான். பத்தாவது விரலில் கடைசி இலை முடிந்தது, இடி இடித்தது, கரன்ட் போயிற்று. ஜெல் தேன் மாதிரி ஈரமாக நின்றது. பட்டுப்புடவையோடு, பேய் வேஷக்காரி மாதிரி விரல்களை விரித்துக்கொண்டு நான். வாசலில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது.

எல்லாரும் மழைக்கு ஓடி வீட்டுக்குள் நுழைய, நீ வேனுக்கு ஓடினாய்.

"அண்ணே, வண்டிய ஆஃப் பண்ணாதீங்க! சார்ஜர் போடுற எடம் கீதா?"

"கீதும்மா. போனுக்கா?"

"போனுக்கு இல்ல, பொண்ணோட அம்மாவுக்கு."

பின் சீட்டில் என்னை ஏற்றி, விளக்கின் ஒயரைச் செருகினாய். இடது கை முடிந்து வலது கை உள்ளே இருந்தபோது கதவு திறந்தது. வெற்றிலைப் பையை வண்டியில் மறந்துவிட்டுத் திரும்பி வந்த மாப்பிள்ளையின் அம்மா!

"இன்னா நடக்குது இங்க?"

நான் பொய்க்குத் தயாரானேன். நீ முந்திக்கொண்டாய். "இவங்க நகம் கடிப்பாங்கம்மா. தட்டு மாத்தச்சொல்ல நீங்க கையப் பார்ப்பீங்கன்னு பயந்துக்கினு கீறாங்க. அதான்."

அந்த நிமிஷம் உன்னைக் கொன்றிருப்பேன், கை காய்ந்திருந்தால். அந்த அம்மா காய்ந்த என் இடது கையை இழுத்து உற்றுப் பார்த்தார். பிறகு தன் கையை நீட்டினார். புளி உடைத்து உடைத்து நகக்கண் கறுத்த கை. "ஒரே வெரலுக்குப் போடு போதும். எங்க வூட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்."

"கதவச் சாத்துங்கம்மா" என்றாய்.

வேனுக்குள் சீர் பேச்சு முறுகிவிட்டது என்று வெளியே வதந்தி. என் வீட்டுக்காரர் இரண்டு முறை கண்ணாடியைத் தட்டினார். இருபது நிமிஷம் கழித்து நாங்கள் இறங்கினோம், தட்டு மாற்றினோம். என் மகள் இன்று அமிர்திப் பக்கம் சௌக்கியம்.

நீ லீவில் ஊருக்குப் போய் நெஞ்சுவலி என்று படுத்தாய், எழவில்லை. மலை இறங்கி, திருப்பத்தூரில் பஸ் மாறி வாணியம்பாடி சேர்வதற்குள் பத்து விரலையும் ரத்தம் வரக் கடித்திருந்தேன். உன்னை வெள்ளைத் துணியில் போர்த்தியிருந்தார்கள். பெண்களுக்கு நடுவே, வழக்கம்போல் கையைத் தலைப்புக்குள் ஒளித்து உட்கார்ந்தேன். உன் தங்கை என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"நீங்கதான மலைல அந்த நகம் கடிக்கிற அக்கா?"

அடிப்பாவி, வாணியம்பாடி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாய்! "வேன் கதைய அக்கா எத்தினி வாட்டி சொல்லிக்கிறாங்க தெரியுமா? உங்க கை போட்டோவ எல்லாருக்கும் காட்டுவாங்க" என்றாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் கையை வெளியே எடுத்து நீட்டினேன். பூ இல்லை, கொடி இல்லை, பிய்ந்த தோல்தான். உன் தங்கை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உன்னைத் தூக்கிப் போகும்வரை விடவில்லை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, கடிப்பதை நான் விடவில்லை. ஆனால் ஆபீசில் யார் பேப்பர் நீட்டினாலும், இப்போதெல்லாம் கையை முழுசாக நீட்டித்தான் வாங்குகிறேன்.