மட்கார்டு ஓரத்து வெள்ளைக் கோடு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்காலும் நம் குளியலறைக் குழாயும் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு அதுதான். உன் அண்ணன் போன வாரம் வந்தான், உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே காபி குடித்துவிட்டு, இது வீடா கண்காட்சியா என்று கேட்டுவிட்டுப் போனான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பஸ் பட்டறையில் உன் அப்பாவுக்கு ஓய்வு கொடுத்தவர்கள் அது எனக்கு எப்படிப்பட்ட தண்டனை என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

இந்த ஊரில் முதன்முதலாக ஓடிய வாடகைக் கார்கள் எவை, எந்த வருஷம் வந்தன, யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்று கண்டுபிடிக்கப் போகிறாராம். கார்கள் எல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன, ஆனால் படங்கள் இருக்குமே, அந்தக் காலத்தில் கார் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் உண்டா என்கிறார். மருந்துக் கடையிலும் ரொட்டிக் கடையிலும் அறிவிப்பு ஒட்டினார், யார் வரப்போகிறார்கள் என்று நான் சிரித்தேன், இப்போது சாப்பாட்டு மேஜை முழுக்கப் படங்கள், நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். ஹெட்லைட் தனியாக நிற்கிறதா மட்கார்டோடு சேர்ந்திருக்கிறதா, சக்கரத்தில் கம்பியா தகடா, முன் கண்ணாடி ஒன்றா இரண்டா, இவற்றை வைத்து ஒவ்வொரு வண்டிக்கும் ஜாதகமே எழுதிவிடுகிறார். அவருக்கு இடைஞ்சல் மனிதர்கள்தான். எல்லோரும் நம்பர் பிளேட்டை மறைத்துக்கொண்டே நிற்கிறார்களாம். ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இந்தம்மா கொஞ்சம் தள்ளி நின்னா என்ன கொறஞ்சா போயிடுவாங்க என்று அலுத்துக்கொண்டார், நீயே சொல், இதற்கு நான் என்ன பதில் சொல்வது.

தெருமுனைத் தையல்காரம்மாவை உனக்கு நினைவிருக்கும், உன் பள்ளிச் சீருடையை வருஷா வருஷம் மடிப்புப் பிரித்து நீட்டிக் கொடுப்பாரே, அவர்தான். அவரும் ஒரு படத்தைத் தலையணை உறைக்குள் வைத்து எடுத்து வந்தார். ஒல்லியாக ஒரு வாலிபர் கறுப்பு வாடகைக் காரின் முன்பக்கத்தில் சாய்ந்து நிற்கிறார், பின்னால் நம் தபால் நிலையப் படிக்கட்டு. அந்த வாலிபர்தான் தையல்காரம்மாவின் அப்பா, அவரைப் பற்றி மகளிடம் இருப்பது அந்தப் படம் ஒன்றுதான். தையல்காரம்மா வயிற்றில் இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். அவருக்கு நினைவு தெரியும் முன்பே அம்மாவும் போய்விட, பெரியம்மா வீட்டில் வளர்ந்தார். அந்தப் பெரியம்மா அவரை அழைத்ததே, அப்பனை முழுங்கிட்டுப் பொறந்தவ என்றுதானாம். வீட்டில் நல்ல காரியம் என்றால் பின் அறையில் உட்கார வைப்பார்கள், பெண் பார்க்க வந்தவர்களும் அந்தப் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போனார்கள், கடைசியில் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கல்யாண உடுப்பு தைத்துக் கொடுத்தே எழுபது வயதாகிவிட்டது. இதையெல்லாம் யாரையும் நொந்துகொள்ளாமல், ஊசியில் நூல் கோப்பது போல நிதானமாகச் சொல்லிவிட்டு, இது எந்த வருஷம் எடுத்த படம்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க தம்பி என்றார். உன் அப்பா ரேடியேட்டரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், வண்டி பளபளவென்று இருப்பதைப் பார்த்தார், வண்டி புதுசா வந்தப்ப எடுத்ததும்மா, நீங்க பொறக்கறதுக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடி என்று போட்டு உடைத்தார். தையல்காரம்மா சரி தம்பி என்று தலையாட்டினார், காபி வேண்டாம் என்றார், படத்தை நகல் எடுத்துக்கொள்ளச் சொல்லி எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். எதை எதிர்பார்த்து வந்தார் என்பது, அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்தபோதுதான் என் மரமண்டையில் ஏறியது.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் மேஜை துடைக்கிற சாக்கில் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், போட்டோ ஸ்டூடியோவில் இத்தனை காலம் பிரஷ்ஷால் படங்களுக்கு டச்சிங் செய்த என் கண் சும்மா இருக்குமா. மட்கார்டின் ஓரமாக வெள்ளையாக ஒரு பட்டை ஓடியது. உன் அப்பா அதைப் பார்க்காமல் இல்லை, படம் பழசாகி வெளுத்திருக்கிறது என்று ஒதுக்கியிருக்கிறார். வெளுப்பு அப்படி வராது, படத்தின் ஓரத்திலிருந்து புகை மாதிரி உள்ளே பரவும், மட்கார்டின் வளைவைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக ஓடாது, அந்த வாலிபரின் காலுக்குப் பின்னால் மறைந்து மறுபக்கம் அதே அகலத்தில் வெளியே வராது. வெயில் பட்ட மினுமினுப்பும் இல்லை, நிழல் அந்தப் பக்கம்தான் விழுந்திருந்தது. ஏங்க, இது பெயிண்ட்டுங்க, யாரோ பிரஷ்ஷால அடிச்சிருக்காங்க என்றேன். அப்பா வாங்கிப் பார்த்தார், முகமே மாறிவிட்டது. யுத்த காலத்து இருட்டடிப்பாம். குண்டு போட வருகிற விமானத்துக்குத் தெரியாமல் வண்டிகள் விளக்கை மூடிக்கொண்டு ஓட வேண்டும், எதிரே வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரிய மட்கார்டு ஓரத்தில் வெள்ளை அடிப்பார்களாம். ஹெட்லைட்டிலும் மூடி இருந்திருக்கும், அதைத்தான் அந்த மனிதர் சாய்ந்து நின்று மறைத்துவிட்டார். வண்டி பழசு, வாடகை வண்டியானதால் துடைத்துத் துடைத்துப் புதுசாக வைத்திருக்கிறார்கள், உன் அப்பா வண்டியின் வயசைப் படத்தின் வயசாக எடுத்துக்கொண்டுவிட்டார். தையல்காரம்மா பிறந்தது யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். அப்படியானால் மகள் பிறந்த பிறகும் அந்த மனிதர் இந்த ஊரில், தபால் நிலைய வாசலில், உயிரோடு நின்றிருக்கிறார்.

அப்பா உடனே செருப்பை மாட்டினார், நான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். இறந்துபோன அப்பாவை எழுப்பிக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, ஆனால் இவர் உங்களை விட்டுவிட்டுப் போனவராகவும் இருக்கலாம் என்று எந்த வாயால் சொல்வது? அது இல்லாமல் வேறென்ன காரணத்துக்காக அந்த வீட்டார் பொய் சொல்லியிருப்பார்கள்? இந்த வயசில் அந்த மனசுக்கு இன்னொரு அடி வேண்டுமா என்றேன். தப்பாச் சொன்னவன் நான், என் வார்த்தையை நம்பி அந்தம்மா அங்க உக்காந்திருக்காங்க, எனக்குச் சோறு இறங்கல என்றார் அப்பா. இதே பேச்சாக நாங்கள் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம், கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். எது வந்தாலும் அவருடைய அப்பா, அவர் தெரிந்துகொள்ளட்டும் என்று இரண்டு பேருமாகப் போனோம்.

தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு மெஷினில் இருந்தார். காரைப் பற்றிப் பேசினால் நிறுத்தத் தெரியாத உன் அப்பாவுக்கு அன்றைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, திக்கித் திக்கி வெள்ளைக் கோட்டைக் காட்டி, நான் சொன்னது தப்பும்மா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். தையல்காரம்மா மெஷின் சக்கரத்தில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அப்ப எனக்கு என்ன வயசு இருக்கும் என்று கேட்டார். ஒண்ணுக்கு மேலதான், நடந்திருப்பீங்க என்றார் அப்பா. அப்ப என்னைத் தூக்கியிருப்பாரு என்றார் தையல்காரம்மா. நான் பயந்துகொண்டே, அப்புறம் என்ன ஆனார்னு எங்களுக்குத் தெரியலக்கா, விட்டுட்டே போயிருந்தாலும் போயிருக்கலாம் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். போகட்டுமே தங்கச்சி, விட்டுட்டுப் போனவருன்னா நான் கோவிச்சுக்கலாம்ல, இத்தனை வருஷமா முழுங்கினவ நானாச்சே, யார் மேல கோவிச்சுக்கறது என்றார். பிறகு படத்தைக் கையில் வாங்கி, தனக்குப் பேரனாகக்கூடிய வயசில் நிற்கிற அந்த வாலிபரைப் பார்த்து, எங்க போனப்பா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா வாய் வலிக்குமா என்று திட்ட ஆரம்பித்தார். அழுகையும் சிரிப்புமாக அப்படி ஒரு திட்டு. உன் அப்பா சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் அழுதேன், அதைச் சொல்ல என்ன வெட்கம்.

சின்னவளின் படங்கள் வந்தன, எல்லாவற்றிலும் அவள் மட்டுமே இருக்கிறாள். நீயும் பக்கத்தில் நில், மாப்பிள்ளையையும் நிற்கச் சொல், படத்தின் பின்னால் தேதியும் பெயரும் எழுதி வை, பேனாவால் எழுதாதே, முன்பக்கம் ஊறும், பென்சிலால் எழுது. மழையில் தலை நனையாமல் போய் வா, ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. மூன்று பேரும் மனசும் வயிறும் நிறைந்து நெடுங்காலம் சேர்ந்து வாழ வேண்டும். இன்னொன்று, நீ பார்க்கிற வேலையை விட்டுவிடு என்று நாங்கள் சொன்ன பிறகு நீ போனில் நல்லா இருக்கேன் என்பதைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை, அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மனசில் வைத்துக்கொள்ளாதே கண்ணு, கூப்பிட்டுத் திட்டிவிடு. கோபித்துக்கொள்ள உனக்கு நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கிறது.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா