கையேட்டில் இல்லாத சொல்

ஒரகடம்,
மே 2012

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, அப்பாவுக்கும் வேண்டாம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். ஹாஸ்டல் சோறும் பழகிவிட்டது.

வயது பத்தாமல் லீவு வேலைக்கு அக்கா சர்டிபிகேட்டைக் கொடுத்துச் சேர்ந்ததால் கம்பெனியில் என் பெயர் சந்தனமாரி. ரூமில் மட்டும்தான் மாரிசெல்வி.

தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினுக்குள் கை போனால் மெஷினை நிறுத்துகிற சர்க்யூட் போர்டுகளைக் கம்ப்யூட்டரில் சோதிப்பது என் வேலை. போன வாரம் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதில் பாஸான போர்டுகளே இதில் ஃபெயிலாயின. சூப்பர்வைசர் புருஷோத்தமன் சார், சோதனையைத் தொடங்கும் கட்டளைக்குப் பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்து அடித்தார். எல்லாம் பாஸ். கையேட்டில் தேடினேன், அந்தச் சொல்லே இல்லை.

"கம்ப்யூட்டர்தாம்மா கோளாறு. நீ அடிச்சிக்கினே இரு" என்றார்.

இன்று ஒரு போர்டின் ஒயரைக் கழற்றிவிட்டுச் சோதித்தேன். அதுவும் பாஸ். அந்தச் சொல்லை அடித்தால் சோதனையே நடப்பதில்லை, அம்மா. நானூறு போர்டு வெளியே போய்விட்டது. அதை நம்பித்தான் யாரோ மெஷினுக்குள் கையை விடுவார்கள்.

சாரிடம் சொன்னேன். சிரித்தார். "ரெக்கார்டுல யார் பேரு கீது? சந்தனமாரிதானே?"

அக்கா மாட்டிக்கொள்ளக் கூடாது. இங்கே வேலை பார்த்தது அவள் இல்லை, நான்தான் என்று காட்ட என் பள்ளிக்கூட அடையாள அட்டையை உடனே தபாலில் அனுப்பு. நான் வீட்டில் போர்த்திப் படுக்கும் பழைய போர்வையையும். நாளை மேனேஜரிடம் நானே—

கதவைத் தட்டுகிறார்கள். ரூம் பிள்ளைகள் எல்லாரும் நைட் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். வெளியே ஆண் குரல். "சந்தனமாரி" என்று கூப்பிடுகிறது.